எட்டு வாரத் தியானமும் 33 மூளைகளும்: ஒரு சிறிய எம்ஆர்ஐ ஆய்வின் கணக்கு

2011 ஜனவரியில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹார்வர்டோடு இணைந்து இயங்கும் மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்தது. எட்டு வாரம் தியானப் பயிற்சி எடுத்தவர்களின் மூளையில், நினைவோடும் கற்றலோடும் தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் பகுதியில் சாம்பல்நிறப் பொருளின் (நரம்பணுக்களின் உடல்கள் செறிந்த திசு) அடர்த்தி கூடியிருக்கிறது, எம்ஆர்ஐ ஸ்கேனிலேயே அது தெரிகிறது என்றது செய்தி. அது உலகம் முழுக்கப் பரவியது. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டின. தியானம் பற்றிய பேச்சுகளிலும் கட்டுரைகளிலும் எட்டே வாரத்தில் மூளை மாறும் என்பது முடிந்த முடிவாகவே சொல்லப்பட்டது.

அந்த ஆய்வில் பயிற்சி எடுத்தவர்கள் 16 பேர். எடுக்காமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்கள் 17 பேர்.

2022-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரிலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. இதில் 218 பேர். அதே எட்டு வாரப் பயிற்சி, பயிற்சிக்கு முன்னும் பின்னும் ஸ்கேன். யார் எந்தக் குழு என்பது குலுக்கல் முறையில் முடிவானது. முந்தைய ஆய்வுகள் சொன்ன எந்தப் பகுதியிலும் பயிற்சியால் வந்த மாற்றம் என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டில் எது சரி, எது தப்பு என்று பட்டிமன்றத் தீர்ப்பு சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு கேள்வி. 33 பேரை வைத்துக்கொண்டு எவ்வளவு பெரிய மாற்றத்தைக் காண முடியும்? இந்தக் கணக்கு போடுவதற்கு ஸ்கேனர் வேண்டாம், தாளும் பேனாவும் போதும். 2011-இலேயே யார் வேண்டுமானாலும் போட்டிருக்கலாம்.

பயிற்சியும் ஆய்வும்

பயிற்சியின் பெயர் மைண்ட்ஃபுல்னஸ் வழியாக மனஅழுத்தம் குறைத்தல். 1979-இல் மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கியது. வாரம் ஒரு வகுப்பு, சுமார் இரண்டரை மணி நேரம். இடையில் ஒரு முழுநாள் அமர்வு, தினமும் வீட்டில் பயிற்சி. உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பது, உடலை உச்சி முதல் உள்ளங்கால் வரை மனதால் தொட்டு வருவது, மிதமான யோகா. அவ்வளவுதான்.

2005-இல் சாரா லாசர் குழுவினர், பல வருடம் தியானம் செய்துவந்த 20 பேரையும் செய்யாத 15 பேரையும் ஒப்பிட்டு, தியானம் செய்பவர்களுக்கு இன்சுலா (உடல் உணர்வுகளைக் கவனிப்பதோடு தொடர்புடைய பகுதி) உள்ளிட்ட சில பகுதிகளில் மூளைப் புறணி, அதாவது மூளையின் வெளியடுக்கு, தடிமனாக இருக்கிறது என்றார்கள். அதில் ஒரு பெரிய சிக்கல். தியானத்தால் தடித்ததா, அப்படிப்பட்ட மூளை உள்ளவர்கள்தான் தியானத்தில் நிலைத்து நிற்கிறார்களா? ஒரே ஒருமுறை எடுத்த ஸ்கேனில் இதைப் பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

பிரிட்டா ஹோல்செல், லாசர் ஆகியோரின் 2011 ஆய்வு அந்தக் குறையைத் தீர்க்கத்தான் வந்தது. அதே ஆளை முன்பும் பின்பும் ஸ்கேன் எடுத்தார்கள், ஒப்பிடுவதற்கு ஒரு குழுவையும் வைத்தார்கள். 2005-க்கு இது உண்மையான முன்னேற்றம், இதைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. ஆனால் பயிற்சிக் குழுவில் இருந்தவர்கள் தாங்களாகவே அந்த வகுப்பில் சேர்ந்தவர்கள். குலுக்கல் கிடையாது. ஹிப்போகாம்பஸ், இன்சுலா இரண்டிலும் மாற்றம் இருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்துப் பார்த்ததில், இடப்பக்க ஹிப்போகாம்பஸில் மட்டும் கூடுதல் தெரிந்தது. 2005-இல் பேசப்பட்ட இன்சுலாவில் எதுவும் தெரியவில்லை. மூளை முழுவதையும் தேடியபோது பின்புற சிங்குலேட் புறணி, நெற்றிப்பொட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்திப்புப் பகுதி, சிறுமூளை ஆகிய இடங்களில் கூடுதல் கிடைத்தது.

ஸ்கேன் எண்ணாக மாறும் இடம்

சாம்பல்நிறப் பொருளின் அடர்த்தி என்றதும் மூளையை நிறுத்துப் பார்த்ததாகத் தோன்றும். நடப்பது அதுவல்ல. எம்ஆர்ஐ தருவது வெளிச்சமும் இருட்டுமான ஒரு முப்பரிமாணப் படம். மென்பொருள் அதைச் சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பார்க்கிறது. இவற்றுக்கு வாக்சல் என்று பெயர். பக்கத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் என்று வைத்தால், சாம்பல்நிறப் பகுதியில் மட்டும் சுமார் 2 லட்சம் வாக்சல் வரும். ஒவ்வொரு வாக்சலிலும் இது சாம்பல்நிறப் பொருளா, வெண்பொருளா, மூளை-தண்டுவட நீரா என்பதற்கு ஒரு நிகழ்தகவு போடுகிறது. அப்புறம் எல்லோருடைய மூளையையும் ஒரே பொது வார்ப்புக்குள் இழுத்தும் சுருக்கியும் பொருத்துகிறது. பிறகு 8 அல்லது 10 மில்லிமீட்டர் அகலத்துக்குப் படத்தை மங்கலாக்குகிறது. பக்கத்துப் பக்கத்து வாக்சல்கள் கலந்துவிடும், பொருத்துவதில் வந்த சிறு பிழைகள் அமுங்கிவிடும் என்பதற்காக. ஜான் ஆஷ்பர்னரும் கார்ல் ஃபிரிஸ்டனும் 2000-இல் விரிவாக எழுதிவைத்த முறை இது. இன்றும் பரவலாகப் புழங்குகிறது.

இதில் ஒவ்வொரு படியிலும் ஆய்வாளர் ஒரு முடிவு எடுக்க வேண்டும். எத்தனை மில்லிமீட்டர் மங்கலாக்குவது? மண்டையோட்டின் மொத்த அளவைக் கழிப்பதா வேண்டாமா? அடர்த்தியா, கன அளவா, தடிமனா? இடமா, வலமா, இரண்டும் சேர்த்தா? எந்த முடிவும் தவறில்லை. ஆனால் ஆள் குறைவாக இருக்கும்போது, இந்த முடிவுகளில் ஒன்று மாறினாலும் விடை மாறிவிடும். 500 பேர் இருந்தால் விடை அவ்வளவு ஆடாது.

2 லட்சம் வாக்சலிலும் தனித்தனியே 0.05 என்ற வரம்பு (மாற்றமே இல்லாதபோதும் நூற்றில் ஐந்து முறை தற்செயலாகத் தேறிவிடும் அளவு) வைத்துச் சோதித்தால், ஒரு மாற்றமும் இல்லாத மூளையில்கூட 10,000 வாக்சல் தேறிவிடும். அதனால்தான் பலமுறை சோதிப்பதற்கான திருத்தம் செய்கிறார்கள். திருத்தம் செய்தால் தவறான சேதி குறையும், அதே வேளையில் தாண்ட வேண்டிய வரம்பு இன்னும் உயரும். முன்கூட்டியே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து அதற்குள் மட்டும் தேடுவது இந்த வரம்பைத் தணிக்கும் வழி. ஹிப்போகாம்பஸை அப்படித்தான் பார்த்தார்கள்.

தாளில் போடும் கணக்கு

இந்த வழக்கின் மையம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

எட்டு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் ஏற்பட்ட மாற்றத்தை எடுத்துக்கொள்வோம். இந்த மாற்றத்தின் திட்டவிலக்கத்தை, அதாவது சராசரியிலிருந்து ஆளுக்கு ஆள் அது எவ்வளவு விலகுகிறது என்பதன் அளவை, 1 என்று வைப்போம். 16 பேரும் 17 பேரும் உள்ள ஒப்பீட்டில் சராசரி வித்தியாசத்தின் திட்டப்பிழை (தற்செயலாகவே அது எவ்வளவு ஆடும் என்பதன் அளவு), 1/16 + 1/17 என்பதன் வர்க்கமூலம். அது சுமார் 0.35. பி-மதிப்பு (உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் வருவதற்கான வாய்ப்பு) 0.05-க்குக் கீழே போக வேண்டுமானால் வித்தியாசம் இதைப்போல் இரண்டு மடங்குக்குச் சற்று மேலே, அதாவது 0.71 இருந்தாக வேண்டும். பல வாக்சல்களுக்கான திருத்தம் சேர்ப்பதற்கு முன்பே இந்த நிலை.

0.71 பெரியதா சிறியதா? எண்ணாக மட்டும் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். அதைத் தந்தது எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு. பல நாடுகளின் ஆய்வகங்கள் தங்களிடமுள்ள ஸ்கேன்களை ஒரே முறையில் அளந்து முடிவுகளைச் சேர்த்துப் பார்ப்பதுதான் இதன் வேலை. பெரும் மனச்சோர்வு உள்ள 1,728 பேரையும் இல்லாத 7,199 பேரையும் ஒப்பிட்டு 2016-இல் வந்த அவர்களது ஆய்வில், ஹிப்போகாம்பஸ் வித்தியாசம் 0.14 திட்டவிலக்கம். சதவீதத்தில் 1.24. மனச்சோர்வு என்பது ஒரு வாழ்க்கையையே புரட்டிப்போடும் நோய். அதற்கே சராசரியில் அவ்வளவுதான். மனச்சிதைவு நோயில் அதே ஆண்டு கிடைத்த எண் 0.46.

இங்கே கவனமாக இருக்க வேண்டிய ஒரு விஷயம் உண்டு. எனிக்மா எண்கள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தை வைத்து அளந்தவை. நம்முடைய 0.71 ஒரே ஆளுக்குள் நிகழ்ந்த மாற்றத்தை வைத்து அளந்தது. ஆளுக்கு ஆள் ஹிப்போகாம்பஸ் அளவு நிறைய மாறும், ஒரே ஆளை இரண்டு முறை அளந்தால் அவ்வளவு மாறாது. ஆகவே இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது, மாற்றிக்கொள்ள வேண்டும். முதல் ஸ்கேனுக்கும் இரண்டாம் ஸ்கேனுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதன் அளவு, முழுதும் ஒத்தால் 1) 0.95 என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். அப்போது மாற்றத்தின் திட்டவிலக்கம், ஆளுக்கு ஆள் உள்ள திட்டவிலக்கத்தில் 0.32 பங்கு. 0.71-ஐ இதால் பெருக்கினால் 0.22. எனிக்மா கணக்குப்படி சதவீதமாக்கினால் ஏறத்தாழ 2.

ஆக, எட்டு வாரத்தில் ஹிப்போகாம்பஸ் 2 சதவீதம் வளர்ந்ததாகத் தெரிந்தால்தான் இந்த அளவுள்ள ஆய்வு அதை 'இருக்கிறது' என்று சொல்ல முடியும். மனச்சோர்வு உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலுள்ள மொத்த வித்தியாசத்தைப் போல் ஒன்றரை மடங்கு இது. முதியவர்கள் 120 பேரை வைத்து 2011-இல் வந்த ஓர் ஆய்வில், ஒரு வருடம் முறையாக நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு ஹிப்போகாம்பஸ் கூடியதாகச் சொல்லப்பட்டதே 2 சதவீதம்தான். மூட்டை நிறுக்கும் தராசில் மூக்குத்தியை நிறுத்துவிட்டு, முள் அசைந்தது என்று சொல்வது போன்ற நிலை.

சரி, உண்மையில் பயிற்சியால் அரை சதவீதம் வளர்ச்சி இருக்கிறது என்றே வைப்போம். 200 ஆய்வகங்கள் தனித்தனியே 33 பேரை வைத்து இதே ஆய்வைச் செய்கின்றன. கணக்குப் போட்டால் சுமார் 14 ஆய்வகங்களுக்குத்தான் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே வரும். அந்த 14-இல் ஒன்றுக்கு ஹிப்போகாம்பஸ் சுருங்கியதாக, அதாவது தலைகீழாக வரும். மீதி 13-உம் வளர்ச்சி 2 சதவீதத்துக்கு மேல் என்று அறிவிக்கும். உண்மை அரை சதவீதம், அச்சில் வருவது அதைப்போல் நான்கு மடங்கு. 186 ஆய்வகங்கள் எதுவும் கிடைக்கவில்லை என்று மேசை இழுப்பறையில் வைத்துவிடும்.

இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொருவரும் நேர்மையாக அளந்து, நேர்மையாகக் கணக்குப் போட்டு, நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். வரம்பைத் தாண்டியதை மட்டும் வெளியிடுவோம் என்ற ஒரே வழக்கம் போதும், அச்சில் வரும் எண்கள் எல்லாம் ஊதிப்போவதற்கு. சிறிய ஆய்வில் ஒரு விளைவு 0.05 வரம்பைத் தாண்டிவிட்டால், குறைந்த ஆட்களை வைத்தே தெரிந்துவிட்டதே, அப்படியானால் விளைவு வலுவானதுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். இந்தக் கணக்கு சொல்வது அதற்கு நேர் எதிர். ஆள் குறையக் குறைய, தேறி வரும் எண்ணை நம்புவதற்கான காரணமும் குறைகிறது.

கேத்தரின் பட்டன் உள்ளிட்டோர் 2013-இல் நரம்பியல் ஆய்வுகளின் கண்டறியும் திறனை, அதாவது உண்மையிலேயே உள்ள ஒரு விளைவைப் பிடிக்கும் வாய்ப்பை, தொகுத்துக் கணக்கிட்டார்கள். மூளையின் கன அளவு வித்தியாசங்களைப் பார்த்த 461 ஆய்வுகளின் இடைநிலைத் திறன் 8 சதவீதம். மேலே நாம் கற்பனை செய்த 200 ஆய்வகங்களின் 7 சதவீதத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள். பாஸ்டன் ஆய்வு விதிவிலக்கல்ல, துறையின் அன்றாடமே அதுதான்.

அசையாமல் படுப்பது

ஆள் எண்ணிக்கையைக் கூட்டினாலும் தீராத ஒரு சிக்கல் தலை அசைவு. எம்ஆர்ஐ எடுக்கையில் தலை லேசாக ஆடினாலும் சாம்பல்நிறப் பொருளின் விளிம்பு மங்கி, மென்பொருள் அதைக் குறைத்து அளந்துவிடும். மார்ட்டின் ராய்ட்டர் குழுவினர் 2015-இல் இதைச் சோதித்தார்கள். ஸ்கேனருக்குள் படுத்தவர்களை வேண்டுமென்றே தலையாட்டச் சொன்னார்கள், பிறகு அசையாமல் இருக்கச் சொன்னார்கள். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அசைவுக்கு, சாம்பல்நிறப் பொருளின் கன அளவு சுமார் 0.7 சதவீதம் குறைந்ததாகத் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்த அசைவு நாம் தேடும் அரை சதவீதத்தை விழுங்கிவிடும்.

இப்போது தியான ஆய்வுக்கு வருவோம். எட்டு வாரம் ஒருவர் என்ன பழகுகிறார்? அசையாமல் இருக்க. உடலில் எழும் அரிப்பையும் கூச்சத்தையும் கவனித்தபடியே விட்டுவிட. இரண்டாவது ஸ்கேனில் அவர் முன்பைவிடச் சலனமில்லாமல் படுத்திருந்தால், மூளையில் எதுவும் மாறாமலே சாம்பல்நிறப் பொருள் கூடியதாக வரும். 2011 ஆய்வில் இப்படித்தான் நடந்தது என்று நான் சொல்லவில்லை. தியானம், யோகா, பதற்றத்துக்கான சிகிச்சை என்று மனதை அமைதிப்படுத்தும் எதை அளக்கப் போனாலும் இந்தச் சந்தேகத்தைக் களைந்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும் என்கிறேன். காலையில் எடுத்த ஸ்கேனையும் மாலையில் எடுத்ததையும் ஒப்பிட்டாலே மூளை அளவு இம்மியளவு மாறித் தெரியும் என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ராய்ட்டர் ஆய்விலும் ஆட்கள் வெறும் 12 பேர்தான். அதை மட்டும் ஏன் நம்புகிறோம்? அசைவு என்ற காரணம் ஆய்வாளர் கையில் இருந்தது. ஒரே ஆளை ஒரே அமர்வில் திரும்பத் திரும்ப அளந்தார்கள். விளைவும் அளவீட்டில் தற்செயலாக வரும் ஆட்டத்தைவிடப் பெரியது. மாதிரி சிறியது என்ற ஒரே காரணத்துக்காக ஓர் ஆய்வைத் தள்ளிவிட முடியாது. எதைத் தேடுகிறோம் என்பதோடு பொருத்தித்தான் 12 போதுமா, 33 போதுமா என்று சொல்ல முடியும்.

அமிக்டலாவின் கதை

2011 பாஸ்டன் ஆய்வை நடத்திய ஹோல்செல், லாசர் குழு 2010-இல் இன்னொன்றும் வெளியிட்டிருந்தது. மனஅழுத்தத்தில் இருந்த 26 பேர் அதே பயிற்சியை எடுத்தார்கள். யாருக்கு அழுத்தம் அதிகம் குறைந்ததோ அவர்களுக்கு வலப்பக்க அமிக்டலாவில் சாம்பல்நிறப் பொருள் அடர்த்தியும் குறைந்தது என்பது முடிவு. பயம், பதற்றம் இவற்றோடு தொடர்புடைய பகுதி என்பதால் இந்த முடிவு இன்னும் வேகமாகப் பரவியது.

26 பேரில் ஒட்டுறவுக் கெழு 0.05 வரம்பைத் தாண்ட, குறைந்தது 0.39 வேண்டும். ஸ்காட் மாரெக் குழுவினர் 2022-இல் ஏறத்தாழ 50,000 பேரின் ஸ்கேன்களை வைத்து, மூளை அமைப்புக்கும் மன இயல்புகளுக்கும் இடையே எவ்வளவு வலுவான தொடர்பு இருக்கிறது என்று பார்த்தார்கள். திரும்பச் செய்தபோதும் நிலைத்து நின்றவற்றில் மிகப்பெரியதே 0.16. அந்த 0.16-ஐப் பத்துக்கு எட்டு முறையாவது பிடிக்க வேண்டுமானால் சுமார் 300 பேர் தேவை. ஆளுக்கு ஆள் ஒப்பிடும் அந்த ஆய்வை, ஒரே ஆளின் மாற்றத்தைப் பார்க்கும் ஆய்வோடு அப்படியே பொருத்த முடியாது என்று எதிர்வாதம் வந்தது. அது நியாயமான வாதம்தான். ஆனாலும் 26 பேரில் 0.39-ஐத் தாண்டி வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள அந்த வாதம் போதாது.

மேடிசனில் நடந்தது

2022 ஆய்வை நடத்தியவர்கள் டாமி க்ரால், ரிச்சர்ட் டேவிட்சன் முதலானோர். டேவிட்சன் தியானத்துக்கு எதிரானவர் இல்லை. பல்லாண்டு தியானத்தில் தோய்ந்த திபெத்திய பௌத்தத் துறவிகளின் மூளையை ஆராய்ந்தவர், தியான ஆய்வை அறிவியல் உலகம் ஏற்க வைத்தவர்களில் முக்கியமானவர். அவருடைய மையத்திலிருந்தே இப்படி ஒரு முடிவு வந்தது, வந்ததை அப்படியே வெளியிட்டார்கள். இந்த வழக்கில் என் மரியாதையை அதிகம் பெற்றது இதுதான்.

தியானப் பழக்கமே இல்லாத 218 பேர். முதல் ஸ்கேன் முடிந்த பிறகு குலுக்கலில் 75 பேர் தியானப் பயிற்சிக்கும், 73 பேர் தியானம் அல்லாத இன்னொரு ஆரோக்கியப் பயிற்சிக்கும், 70 பேர் காத்திருப்புப் பட்டியலுக்கும் போனார்கள். அந்த நடுக்குழுதான் முக்கியம். வாராவாரம் கூடுவது, நல்ல ஆசிரியர், ஒன்றைச் செய்கிறோம் என்ற நம்பிக்கை எல்லாம் அவர்களுக்கும் உண்டு, தியானம் மட்டும் இல்லை. கன அளவு, அடர்த்தி, தடிமன் மூன்றையும் அளந்தார்கள். முழு மூளையிலும் தேடினார்கள், முந்தைய ஆய்வுகள் சுட்டிய பகுதிகளிலும் தேடினார்கள். எந்தக் குழுவோடு ஒப்பிட்டாலும் தியானக் குழுவில் தனியாக மாற்றம் இல்லை.

மேலே போட்ட அதே கணக்கை இவர்களுக்கும் போடுவோம். 75 பேருக்கும் 70 பேருக்கும் இடையே உண்மையில் 1.3 சதவீத மாற்றம் இருந்திருந்தால், பத்தில் எட்டு முறை தெரிந்திருக்கும். அதே மாற்றத்தை 33 பேர் ஆய்வு நான்கில் ஒருமுறைதான் பிடித்திருக்கும். ஆகவே மேடிசன் முடிவு, 2 சதவீதம் என்ற அளவிலான வளர்ச்சிக்கு இடமில்லை என்று ஓரளவு உறுதியாகச் சொல்கிறது. அரை சதவீதத்துக்கு இடமில்லை என்று சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பல வருடம் செய்பவர்களைப் பற்றியும், கடும் மனஅழுத்தத்தோடு தேடி வந்து சேர்பவர்களைப் பற்றியும் இந்த 218 பேர் எதுவும் சொல்வதற்கில்லை.

தியானம் பயனில்லை என்று நிரூபணமாகிவிட்டதாக இதைப் படித்தவர்களும் உண்டு. அது முதல் தவறைப் போலவே பெரிய தவறு. ஒருவருக்கு மனஅழுத்தம் குறைந்ததா என்பதை அவரிடமே கேட்டு, அதற்கென்று உள்ள அளவுகோல்களில் அளக்கலாம். அதற்கு ஹிப்போகாம்பஸின் சாட்சி தேவையில்லை. மூளைப்படம் காட்டினால்தான் ஒரு நன்மை உண்மையாகும் என்ற எண்ணம்தான் 33 பேர் ஆய்வின் மேல் அவ்வளவு பெரிய பாரத்தை ஏற்றியது.

அந்த அரை சதவீதத்தை யாராவது தேட நினைத்தால் என்ன வேண்டும்? மேலே சொன்ன அதே அனுமானங்களில், பத்தில் எட்டு முறை பிடிக்கக் குழுவுக்குச் சுமார் 490 பேர் வேண்டும். இரண்டு குழுவுக்கும் 980 பேர், ஆளுக்கு இரண்டு ஸ்கேன். நடுவில் விலகிப்போகிறவர்களைச் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். ஒரு மையத்தால் ஆகிற காரியமில்லை, எனிக்மா போலப் பல மையங்கள் சேர வேண்டும். ஸ்கேனருக்கு ஸ்கேனர் அளவு மாறும் என்பதால் ஒவ்வொரு மையத்திலும் இரண்டு குழுவினரும் இருக்க வேண்டும். ஒருவரின் இரண்டு ஸ்கேனும் அதே இயந்திரத்தில், அதே வேளையில் எடுக்க வேண்டும். தலை அசைவை ஒவ்வொரு முறையும் பதிவு செய்ய வேண்டும். எந்தப் பகுதி, எந்த அளவு, எத்தனை மில்லிமீட்டர் மங்கலாக்கம் என்பதை முதல் ஆள் ஸ்கேனருக்குள் போகும் முன்பே எழுதிப் பதிவு செய்துவிட வேண்டும். முடிவு எப்படி வந்தாலும், மூளை முழுவதற்குமான வரைபடத்தை வரம்பு தாண்டிய புள்ளிகளை மட்டும் வெட்டியெடுக்காமல் அப்படியே வெளியிட வேண்டும். 20, 30 பேருக்கு மேல் சேர்க்க முடியாத சின்ன ஆய்வகங்களுக்கும் இந்தக் கடைசி இரண்டும் கைக்கெட்டியவைதான். அப்படி வெளியிட்டால், இழுப்பறையில் கிடக்கும் அந்த 186 ஆய்வகங்களின் எண்களும் கூட்டிப் பார்ப்பவர் கைக்கு வந்து சேரும்.